சந்திரனில் பள்ளம் இருக்கிறது, பூமியில் ஏன் இல்லை? காற்று மட்டும் காரணமில்லை

சம்மாந்துறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சந்திரனில் இத்தனை பள்ளம் இருக்க பூமியில் ஏன் இல்லை என்று தரம் 9இல் படிக்கும் மகள் கேட்டாளாம். நமக்கு வளிமண்டலம் இருக்கிறது, வருகிற கல்லெல்லாம் அதிலேயே எரிந்துபோகும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். "செவ்வாயிலும் காற்று இருக்குத்தானே வாப்பா, அங்க ஏன் பள்ளம்?" என்று அவள் திருப்பிக் கேட்டதும் இங்கே வந்திருக்கிறீர்கள். கூடவே, செய்மதிப் படத்தில் உங்கள் ஊருக்கு மேற்கே தெரியும் ஒரு வட்டமான குளம் விண்கல் விழுந்த பள்ளமா, வயலில் எடுத்த, காந்தத்தில் ஒட்டும் கறுப்புக்கல் அதன் துண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: பள்ளம் இல்லாத இடத்தில் கல் விழவில்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. மகள் சரியான இடத்தில்தான் மடக்கியிருக்கிறாள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வானியலாளன் இல்லை. படித்தது புவிச்சரிதவியல், மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் குழாய்க்கிணற்றுக்கு இடம் பார்ப்பதும், துளைக்கும்போது மேலே வரும் கற்தூளைப் பார்த்துக் கீழே என்ன பாறை என்று சொல்வதும்தான் இத்தனை வருடத் தொழில். மற்றக் கோள்களைப் பற்றி நான் சொல்வது வாசித்தறிந்தது. கல்லைப் பற்றிச் சொல்வது கைபட்டது.

காற்று கல்லை எரிக்கிறது என்பது பொய்யில்லை, ஆனால் பாதிதான். எரிவதும் உடைவதும் சிறிய கற்கள். 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வந்த கல் ஏறத்தாழ 20 மீற்றர் அகலம். செக்கனுக்கு 19 கிலோமீற்றர் வேகத்தில் நுழைந்து, தரைக்கு 30 கிலோமீற்றர் உயரத்திலேயே வெடித்துச் சிதறியது. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்ததில் 1,500 பேரளவில் காயப்பட்டார்கள். உறைந்த ஏரியில் விழுந்த துண்டு பனியில் ஒரு துவாரம் போட்டதோடு சரி, தரையில் பெரிய பள்ளம் எதுவும் இல்லை. 1908 ஜூன் 30இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் அதைவிடப் பெரிய ஒன்று வெடித்து 2,000 சதுர கிலோமீற்றருக்கும் மேல் காட்டைச் சாய்த்துப் போட்டது. அங்கும் மறுப்பில்லாத பள்ளம் என்று ஒன்று கிடையாது. சாதாரணக் கல்லாக இருந்தால் சில பத்து மீற்றர் வரைக்கும் நம் காற்று இப்படித் தடுக்கும். இரும்பாக இருந்தால் அதைவிடச் சிறியதும் தரைக்கு வந்துவிடும். இதற்கும் விதிவிலக்கு உண்டு: 2007இல் பெருவில் கரங்காஸ் என்ற ஊரில் ஒரு சாதாரணக் கல் உடையாமல் வந்து 13 மீற்றர் அளவுக்குக் குழி போட்டது. அது எப்படி உடையாமல் தப்பியது என்று இன்னும் வாதிடுகிறார்கள்.

சந்திரனுக்கு அந்தத் தடுப்பு இல்லை. 2013 மார்ச் 17 அன்று அங்கே விழுந்த ஒரு கல், ஒரு முழத்துக்கும் குறைவானது என்று கணக்கிட்டார்கள். பிறகு சந்திரனைச் சுற்றும் நாசா விண்கலம் படமெடுத்துப் பார்த்தபோது அங்கே 18 மீற்றர் அகலமான புதுப் பள்ளம் இருந்தது. அப்பலோ வீரர்கள் கொண்டுவந்த கற்களை உருப்பெருக்கியில் பார்த்தால் மில்லிமீற்றருக்கும் சிறிய, உள்ளே கண்ணாடி படிந்த குழிகள் அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். மணலை விடச் சிறிய தூசு மோதிய தடம் அது. ஆக, சின்னப் பள்ளங்களைப் பொறுத்தவரை உங்கள் பதில் சரி.

பெரிய பள்ளங்களுக்குத்தான் அந்தப் பதில் நொண்டியடிக்கிறது. ஒரு கிலோமீற்றர் அகலமான கல்லுக்கு நம் வளிமண்டலம் ஒரு பொருட்டே இல்லை; அடர்த்தியான பகுதியை அது சில செக்கன்களில் கடந்துவிடும். சந்திரனில் 300 கிலோமீற்றருக்கும் பெரிய பள்ளங்கள் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கின்றன. தென்துருவத்துக்கும் எயிற்கன் பள்ளத்துக்கும் இடையில் கிடக்கும் படுகை மட்டுமே ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். பூமியின் பரப்பு சந்திரனைப் போல 13 மடங்கு, ஈர்ப்பும் கூட. அப்படியானால் நமக்குச் சில நூறு விழுந்திருக்க வேண்டும். விழுந்துதான் இருக்கும். ஆனால் பூமி முழுவதும் தேடி உறுதிப்படுத்திய மோதல் பள்ளங்கள், சிறிதும் பெரிதுமாக எல்லாம் சேர்த்தே சுமார் 200தான்.

மீதி எங்கே? அழிந்துபோயின. இதைக் காற்றின் மேல் போடாமல் விளங்கிக்கொள்ள, மகளையே சாட்சிக்குக் கூப்பிடலாம். ஒரு சாதாரண பைனாகுலரைக் கொடுத்துச் சந்திரனைப் பார்க்கச் சொல்லுங்கள். பௌர்ணமியான போயா தினத்தில் வேண்டாம், நிழலே விழாது. அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில், ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலான கோட்டை ஒட்டிப் பார்க்க வேண்டும். வெளிர்நிறப் பகுதியில் பள்ளத்துக்கு மேல் பள்ளம்; கறுத்துத் தெரியும் சமவெளிகளில் அங்கொன்றும் இங்கொன்றும். இரண்டு இடத்திலும் காற்று கிடையாது. பின் ஏன் இந்த வித்தியாசம்? கறுத்த பகுதி பிறகு வந்த எரிமலைக் குழம்பு. பழைய பள்ளங்களை மூடி உறைந்து, அதன்பிறகு விழுந்தவற்றை மட்டும் காட்டுகிறது. அங்கிருந்து எடுத்த கற்களில் பெரும்பாலானவற்றின் வயது 300 கோடியிலிருந்து 380 கோடி ஆண்டு வரை. வெளிர்நிற மேட்டுநிலம் அதைவிடப் பழையது. சீமெந்து போட்ட ஈரத்தரையில் கோழி நடந்த தடம் வீடு இருக்கும் மட்டும் இருக்கும், மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் அதே கோழி நடந்தால் அடுத்த அலைவரைக்கும்தான். கோழி இரண்டு இடத்திலும் நடந்தது.

செவ்வாயைப் பற்றிக் கேட்டாளே, அது இன்னும் நல்ல சாட்சி. அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் சிறிய கல்லும் தரை தொடும். 2021 டிசம்பர் 24 அன்று இன்சைட் ஆய்வுக்கலத்தின் நிலநடுக்கமானி ஓர் அதிர்வைப் பதிந்தது. பின்னர் மேலேயிருந்து எடுத்த படத்தில் 150 மீற்றர் அகலமான புதுப் பள்ளமும், அதைச் சுற்றி நிலத்தடியிலிருந்து கிளம்பி வீசப்பட்ட பனிக்கட்டித் துண்டுகளும் தெரிந்தன. ஆனால் அதே செவ்வாயின் தெற்குப் பாதி பள்ளம் நிறைந்து கிடக்க, வடக்குப் பாதி கிட்டத்தட்ட மொழுமொழுவென்று இருக்கிறது. ஒரே காற்று, ஒரே கோள். வடக்கின் மேற்பரப்பு பிற்காலத்தது.

வியாழனின் துணைக்கோள்களுக்குப் போனால் விஷயம் இன்னும் வெளிச்சமாகிவிடும். கலிஸ்ரோவில் புதிய பள்ளம் விழ வேண்டுமென்றால் பழைய ஒன்றின் மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு நெருக்கம். அதே வியாழனைச் சுற்றும் இயோவில் இதுவரை ஒரு மோதல் பள்ளம்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. இயோவில் காற்று இருக்கிறதா என்றால் பேருக்குத்தான். அங்கே எரிமலைகள் ஓயாமல் கக்குவதால் எல்லாம் மூடுண்டு போகிறது. சனியின் துணைக்கோள் டைட்டனில் பூமியை விட ஒன்றரை மடங்கு காற்றழுத்தம், பள்ளமும் குறைவு. உடனே காற்றுத்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அங்கே மெதேன் மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, குன்றுகுன்றாக மணல் நகர்கிறது. பெரிய பள்ளங்களைத் தேய்த்ததும் புதைத்ததும் அவைதான்.

காற்று தன் கைவரிசையை உண்மையிலேயே காட்டுகிற இடம் வெள்ளி. நம்மைப் போல 90 மடங்குக்கும் மேல் அழுத்தம். 1990களின் தொடக்கத்தில் மகெல்லன் விண்கலம் ராடர் மூலம் அந்த மேகத்தை ஊடுருவிப் படமெடுத்தபோது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பள்ளங்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்றரை கிலோமீற்றருக்குக் கீழ்ப்பட்டது இல்லவே இல்லை என்று சொல்லலாம். அந்தப் பள்ளங்கள் கோள் முழுவதும் ஏறத்தாழச் சீராகப் பரவிக் கிடக்கின்றன. அதற்குக் காரணம் ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு கோள் முழுவதையும் மொத்தமாக மூடியதா, இல்லை மெல்லமெல்லப் பகுதி பகுதியாக மூடியதா என்பதில் வல்லுநர்கள் இரண்டு கட்சி. மேற்பரப்பின் வயதையும் 30 கோடியிலிருந்து 75 கோடி ஆண்டு வரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பத்திரிகையில் ஒரே ஓர் எண்ணை அடித்துச் சொல்லியிருந்தால் நம்பிவிடாதீர்கள்.

வயதைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பள்ளம் கூடக்கூட மேற்பரப்பு பழையது என்று வைத்து, பள்ளத்தை எண்ணி வயது சொல்லும் முறைக்கு அடிக்கல், சந்திரனில் சில இடங்களிலிருந்து கொண்டுவந்து ஆய்வுகூடத்தில் வயது கணித்த கற்கள். செவ்வாய்க்கும் புதனுக்கும் அந்த அளவுகோலையே திருத்திப் பொருத்துகிறார்கள். எது பழையது, எது புதியது என்ற வரிசையை நம்பலாம். கோடிக்கணக்கில் சொல்லும் எண்ணைச் சற்றுத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 390 கோடி ஆண்டுக்கு முன் கற்கள் திடீரென்று பெருமழையாகப் பொழிந்தன என்று நான் படித்த காலத்தில் உறுதியாகச் சொல்லித்தந்தார்கள். இப்போது அது திடீர்ப் பொழிவா, ஆரம்பத்திலிருந்து மெல்லக் குறைந்துவந்த பொழிவின் வாலா என்று பலர் ஐயப்படுகிறார்கள்.

சரி, பூமியில் அழித்தது யார்? கடலடித் தளம் பூமியில் பத்தில் ஏழு பங்கு. அதில் மிகப் பெரும்பகுதி 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டது, பழையது உள்ளே அமிழ்ந்துவிடும். மீதி நிலத்தை மழை பார்த்துக்கொள்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் தேய்ந்தால் போதும், ஒரு கோடி ஆண்டில் 100 மீற்றர் போய்விடும். ஒரு கோடி ஆண்டெல்லாம் நம் பாறைக்கு நேற்று. மட்டக்களப்பு, அம்பாறைக்கு அடியில் கிடப்பது விஜயன் தொகுதி என்று சொல்லும் உருமாறிய பாறை. வயது நூறு கோடி ஆண்டளவில். நாம் இன்று மிதிக்கும் பாறை ஒரு காலத்தில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது. மேலே இருந்ததெல்லாம் கரைந்து கடலுக்குப் போய்விட்டது. குடும்பிமலை மாதிரித் தனித்து நிற்கும் மொட்டைக் குன்றுகள் அந்தத் தேய்வுக்குத் தாக்குப்பிடித்தவை. அத்தனை பாறையோடு எத்தனை பள்ளம் போயிற்றோ!

உங்கள் குளத்துக்கு வருமுன் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிலத்தைத் துளைத்துப் பிழைப்பவன் என்பதால் எனக்குப் பிடித்த கதை. அரிசோனாவில் 1.2 கிலோமீற்றர் அகலம், 170 மீற்றர் ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வயது 50,000 ஆண்டளவில். சுற்றிலும் இரும்பு விண்கல் துண்டுகள் கிடந்தன. கில்பேர்ட் என்ற பெயர்பெற்ற புவிச்சரிதவியலாளர் வந்து பார்த்து, இது நீராவி வெடிப்பில் உண்டானது என்று சொல்லிவிட்டுப் போனார். டானியல் பரிங்கர் என்ற சுரங்கப் பொறியியலாளர் நம்பவில்லை. 1903இல் கொம்பனி ஆரம்பித்து, கீழே கோடிக்கணக்கான தொன் இரும்பு புதைந்திருக்கிறது, எடுத்தால் விற்கலாம் என்று துளைக்கத் தொடங்கினார். நடுவில் துளைத்தார், இரும்பு இல்லை. பள்ளம் வட்டமாக இருப்பதால் நேர் மேலிருந்து விழுந்திருக்கும் என்பது அவருடைய கணக்கு. பிறகு சரிந்து வந்திருக்கலாம் என்று தெற்கு விளிம்பில் துளைத்தார், நானூறு மீற்றருக்கும் கீழே துளைகருவி சிக்கிக்கொண்டது. 1929இல் மோல்ற்றன் என்ற வானியலாளர் கணக்குப் போட்டு, வந்த கல் அவர் நினைத்ததில் மிகச் சிறிய பங்குதான், அதிலும் பெரும்பகுதி மோதலிலேயே உருகி ஆவியாகியிருக்கும் என்று காட்டினார். அந்த வருட முடிவிலேயே பரிங்கர் காலமானார். வானிலிருந்து விழுந்தது என்ற அளவில் வென்றது அவர்தான். கைக்கு வந்த காசு ஒன்றுமில்லை.

மோல்ற்றன் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். செக்கனுக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லில், அதே எடை வெடிமருந்தைப் போல 45, 50 மடங்கு சக்தி இருக்கிறது. அது நிலத்தில் குத்துவதில்லை, வெடிக்கிறது. வெடிப்புக்குத் திசை கிடையாது, அதனால்தான் சரிந்து வந்தாலும் பள்ளம் வட்டமாகிறது. தரையை உரசுகிற மாதிரி மிகத் தாழ்வாக வந்தால் மட்டும் நீள்வட்டம் ஆகும்.

இனி உங்கள் குளம். வட்டம் என்பது சாட்சியே இல்லை. அரிசோனாவில்கூட வட்டத்தைப் பார்த்து யாரும் முடிவு சொல்லவில்லை. 1960இல் சாவோ, யூஜின் ஷூமேக்கர் ஆகியோர் அங்கிருந்த மணற்கல்லில் கோசைற் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்த பிறகே கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. படிகக்கல் மிகக் கடுமையான அழுத்தத்துக்கு உட்பட்டால்தான் அது உண்டாகும். மெக்சிக்கோவின் சிக்சுலுப் பள்ளம் தரைக்கு மேலே கண்ணுக்கே தெரியாது. 180 கிலோமீற்றருக்குக் குறையாத அகலம், 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு வயது. எண்ணெய் தேடியவர்களின் ஈர்ப்பு, காந்த அளவீடுகளும், விளிம்பை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் இயற்கை நீர்க்கிணறுகளும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. இந்தியாவின் லோனார் ஏரி எரிமலைப் பாறையில் விழுந்த உண்மையான பள்ளம், 1.8 கிலோமீற்றர், அதற்குக்கூட ஒரு கணிப்பு 50,000 ஆண்டு என்றும் இன்னொன்று ஐந்து இலட்சத்துக்கும் மேல் என்றும் சொல்கிறது. இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்ட மோதல் பள்ளம் ஒன்றுகூட இல்லை.

நம் பக்கத்தில் வட்டமாகத் தெரிபவை பெரும்பாலும் மனிதன் கட்டிய குளம், வெள்ளச் சமவெளியில் ஆறு விட்டுப்போன தாழ்வு, கிறவல் அள்ளிய குழி, கல்லுடைத்த குழி. செய்மதிப் படத்தில் ஒரு பக்கம் மட்டும் கரை நேராகவோ சீரான வளைவாகவோ இருந்தால் அது அணைக்கட்டு, வேறு யோசிக்கத் தேவையில்லை. உண்மையான பள்ளமானால் சுற்றிலும் விளிம்பு உயர்ந்திருக்கும், விளிம்புப் பாறை வெளிப்பக்கமாகச் சாய்ந்தோ தலைகீழாகப் புரண்டோ கிடக்கும், நொறுங்கி மறுபடி ஒட்டிய கல் இருக்கும், சில பாறைகளில் கூம்பு கூம்பாகக் கோடு விழுந்திருக்கும். எனக்கு இதுவரை இங்கே எந்தத் துளையிலும் அப்படியொரு கல் வந்ததில்லை. மட்டக்களப்பு வாவியையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதுண்டு. அது 56 கிலோமீற்றர் நீளமும் மிகக் குறைந்த ஆழமுமாகக் கரைக்கு இணையாகக் கிடக்கிறது. கடல் மட்டம் ஏறி இறங்கியதிலும் அலை மணலைக் கரையோரம் குவித்ததிலும் உண்டானது. வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை ஊர்கள் இருப்பதே அந்த மணல்மேட்டின் மேல்தான்.

நம் வானத்தில் ஒன்றும் விழவில்லை என்றும் சொல்லமாட்டேன். 2015 நவம்பர் 13 பகலில் தெற்குக் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் கடலுக்கு மேலே ஒரு பொருள் எரிந்து போனது. ஒரு மாதத்துக்கு முன்பே கண்டு, நேரம் கணித்து, விமானத்திலிருந்து படமும் பிடித்தார்கள். அது கல்லில்லை, பழைய சந்திரப் பயணம் ஒன்றின் எஞ்சிய பாகம் என்றுதான் நம்புகிறார்கள். 2012 டிசம்பர் கடைசியில் அரலகங்வில பக்கம் விழுந்ததாகச் சொன்ன கல் வேறு கதை. பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் குழுவினரும் அதில் நுண்பாசிப் புதைபடிவம் இருப்பதாக எழுதினார்கள்; விண்கல் வல்லுநர்கள் பெரும்பாலோர் அது விண்கல்லே இல்லை என்றார்கள், மின்னல் தாக்கி உருகிய மண்ணாக இருக்கலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. நானும் விண்கல் இல்லை என்பவர்கள் பக்கம்.

கடைசியாக உங்கள் கறுப்புக்கல். காந்தத்தில் ஒட்டுவது மட்டும் போதாது. மக்னற்றைற் கனிமம் உள்ள நம் பாறையும் ஒட்டும், கடற்கரைக் கருமணலில் ஒரு பகுதியும் ஒட்டும், பழைய காலத்தில் இரும்பு உருக்கிய இடத்துக் கழிவான கிட்டமும் ஒட்டும். வயலில் கிடைப்பதில் கிட்டம்தான் எனக்கு அதிகம் கொண்டுவந்து காட்டப்படுகிறது. முதலில் ஓட்டை பாருங்கள்: நுரைத்த மாதிரிச் சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் அது ஏறக்குறைய நிச்சயமாக விண்கல் இல்லை. இல்லையென்றால் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்குப் பூசாத வளையத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். சிவந்த மண்ணிறக் கோடு விழுந்தால் ஹெமற்றைற் என்ற இரும்புக் கனிமம், கருஞ்சாம்பல் கோடு விழுந்தால் மக்னற்றைற். கோடு விழாமல், அளவுக்கு மீறிய கனமும் மேலே மெல்லிய கறுப்புத் தோலும் இருந்தால் ஒரு மூலையை மட்டும் அரத்தால் உராய்ந்து, உள்ளே வெள்ளி மாதிரி உலோகப் பொட்டுகள் மின்னுகின்றனவா என்று பாருங்கள். மின்னினால் கழுவாமல், எண்ணெய் பூசாமல், உலர்ந்த கடதாசியில் சுற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையில் காட்டலாம். படத்தை மட்டும் பார்த்து யாராவது உறுதி சொன்னால், நான் சொன்னாலும்கூட, ஏற்காதீர்கள்.